பட்டதா, படவில்லையா

இறக்கத்தில் முதலில் பின்பிரேக், அப்புறம்தான் முன்பிரேக் என்று நாத்தனார் அவளிடம் நூறு தடவை சொல்லியிருந்தும், அந்த வளைவில் அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றாகவே இறுக்கிவிட்டன. சரளைக்கல்லில் முன்சக்கரம் வழுக்கியது. ஹேண்டில்பார் திரும்பி, பாதையோரமாக நடந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் தோளில் இடித்தது. அவர் பக்கவாட்டில் சாய்ந்து, பாதையை ஒட்டிச் சுவர்போல் எழுந்திருந்த மணற்பாறையில் சரிந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் விழவில்லை. பத்தடி தள்ளிப் போய்க் காலை ஊன்றி நின்றாள். தானும் விழுந்திருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டாள். விழுந்திருந்தால் கொஞ்ச நேரமாவது அங்கே இருந்திருப்பாள்.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவருவதற்குள் பெரியவர் எழுந்துவிட்டார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. பேன்ட்டில் ஒட்டிய சிவப்புத் தூசியைத் தட்டியபடி சிரித்தார். கீழே கிடந்த தொப்பியை அவள் எடுத்துக் கொடுத்தாள்.

“மன்னிச்சுக்கோங்க ஐயா. அடி பட்டுச்சா?”

“ஒண்ணுமில்லம்மா. இந்த எடத்துல எல்லாருமே சறுக்குவாங்க. நீ போ, உன் கூட வந்தவ நிக்காமப் போறா பாரு.”

அவர் கையைக் காட்டிய திசையில் நாத்தனாரின் மஞ்சள் சட்டை அடுத்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டாள். அவர் இன்னொரு தடவை போகச் சொன்னார். போய்விட்டாள். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

நாத்தனாருக்கு வயது முப்பத்தாறு. வங்கியில் மேலாளர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் இன்னும் வாலுதான். அண்ணிக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்த வாரமே, தடித்த டயர் போட்ட தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியவள். இன்னும் மூன்று வாரத்தில் வாலுவுக்கு நூறு கிலோமீட்டர் போட்டி. அதற்கான பயிற்சிதான் இன்றைய ஐம்பது கிலோமீட்டர். இந்தக் காப்புக்காட்டுக்குள் தார் என்பதே கிடையாது. அடுக்கடுக்காகக் கோடு விழுந்த பாறைகளுக்கு நடுவே சரளைப்பாதை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஓட்டுகிறவர்களின் பிராணனை வாங்கும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது வேறு நினைப்பு வராது என்பதுதான் ஆறு மாதமாக அவளுக்குப் பிடித்துப்போன விஷயம். இன்று வந்தது. ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஒவ்வொரு மிதிக்கும் அது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. கல் தெறித்த சத்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த மிதியில் மறுபடியும் டொக்.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக சி.டி. ஸ்கேன் எடுக்கிறவள் அவள். தலையில் அடிபட்டவர்களைப் படுக்கவைத்து, ஆடாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருவாள். கூட வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள்: காலையில நல்லாத்தான் இருந்தாரு, காப்பி குடிச்சாரு, பேப்பர் படிச்சாரு.

உச்சியில் வாலு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன அண்ணி, மொகம் இப்படி இருக்கு? தலை சுத்துதா?”

“வளைவுல ஒரு பெரியவரை லேசா இடிச்சுட்டேன்.”

“ஐயோ. அடியா?”

“ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு.”

வாலு பாதிப் பழத்தை நீட்டினாள். அதை வாங்கக் கையை நீட்டியபோதுதான் தொப்பியை வாங்கிக்கொண்ட அந்தக் கை அவள் கண்முன் வந்தது. காகிதம்போல மெலிந்த தோல், முழங்கை வரைக்கும் ஊதாத் திட்டுகள். தினமும் அவள் பிடித்து நேராக வைக்கிற கைகள் அவை.

“வாலு, அவரு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவரு.”

“உங்களுக்கெப்படித் தெரியும்?”

“கையில திட்டுத் திட்டா இருந்துச்சு. அந்த மாதிரி ஆளுங்களுக்கு உள்ள கசிய ஆரம்பிச்சா நிக்காது. ரெண்டு மணி நேரம் கழிச்சுக்கூடத் தெரியவரும்.”

“வயசானவங்க எல்லாருக்கும்தான் திட்டு இருக்கும். நீங்க அந்த ரூமுக்குள்ளேயே இருந்து இருந்து, ஆளைப் பாத்தாலே படுக்க வைக்கத் தோணுது.” வாலு சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். “தலையில பட்டுச்சா?”

“தெரியல.”

மிச்சம் முப்பது கிலோமீட்டர் இருந்தது. வாலு பழத்தோலைப் பைக்குள் திணித்துவிட்டு, வந்த வழியே சைக்கிளைத் திருப்பினாள்.

வளைவில் யாரும் இல்லை. கீழே இறங்கியிருந்தால் எதிரில் வந்திருப்பார். மேலே இருந்து இறங்கிவந்த ஒரு தம்பதி, வழியில் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். அப்படியானால் எங்கே? வாலுதான் பாறைகளுக்கு இடையே போன ஒற்றையடித் தடத்தைக் கண்டுபிடித்தாள். சைக்கிள் நுழையாத சந்து. இரண்டையும் கிடத்திவிட்டு உள்ளே நடந்தார்கள். உள்ளே போகப் போகக் குளிர்ந்தது. முப்பதடி தள்ளி, குடைந்தெடுத்தது போன்ற ஒரு பாறைக்குழிவில், கால்களை நீட்டி, கண்களை மூடி, பெரியவர் சாய்ந்திருந்தார்.

வாலு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் அடுத்த அடி எடுத்துவைக்கத் தைரியம் வரவில்லை.

“வெயில் இந்நேரத்துக்குத்தான் இங்க எட்டிப் பாக்கும்,” என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமலேயே. பிறகு திறந்து பார்த்தார். “அட, நீயா. தொப்பி கொடுத்தியே.”

அவள் அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள். இதயத்துக்கு ஒன்று, ரத்தத்தைத் தண்ணியாக வைக்க ஒன்று என்றார். தலைவலி? லேசாக. வெயிலில் வந்தால் எப்போதும் வருவதுதான்.

“ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துப் பாத்துடலாம் ஐயா. நான் அங்கதான் வேலை பாக்குறேன்.”

“ஆஸ்பத்திரின்னா எம் பொண்ணுக்குத் தெரியணும். போன வருஷம் பாத்ரூம்ல வழுக்குனதுக்குத் தாழ்ப்பாளையே கழட்டிட்டா. இதைக் கேட்டா செருப்பை ஒளிச்சு வச்சிருவா. வாரத்துல ஒரு நாள்தான் இங்க வர விடுறா. அதுவும் போயிடும்.” அவர் தொப்பியை மடியில் வைத்துத் தடவினார். “எனக்கு எப்படி விழுந்தேன்னு சரியா ஞாபகமில்ல. பாத்தவ நீதான். தலை பட்டுச்சா, படலையா? படலைன்னா சொல்லு, நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போறேன்.”

படவில்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம். அவருக்கும் அதுதான் வேண்டும். வாலு முப்பது கிலோமீட்டரை முடித்துவிடுவாள். ராத்திரி தனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதானே.

“பட்டுச்சுங்க ஐயா,” என்றாள். “பாறையில மோதித்தான் தொப்பியே விழுந்துச்சு. சத்தம் கேட்டுச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்.”

வாலு திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. அவள் நிமிரவில்லை.

பெரியவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் கொடுத்தார். “நீயே அவகிட்ட சொல்லு. நான் பேசுனா ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவேன்.”

அங்கே சிக்னல் இல்லை. தாங்கள் வந்த காரை எடுத்துக் காட்டின் வாசலுக்குக் கொண்டுவர வாலு சைக்கிளில் முன்னால் பறந்தாள். வாசல் வரையிலான இரண்டு கிலோமீட்டரை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவரோடு அவள் நடந்தாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். சனி என்றார். பெண்ணுக்கு எத்தனை குழந்தைகள்? ஒன்று. அவர் என்ன வேலை பார்த்தார்? கடிகாரக் கடையில் ரிப்பேர். கொஞ்ச தூரம் போய்க் கிழமையை மறுபடி கேட்டாள். “இப்பத்தான சொன்னேன்? உனக்குத்தான் தலையில அடிபோல,” என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவருடைய இடது செருப்பு சரளையில் தேய்ந்துகொண்டே வந்தது. எப்போதும் அப்படித்தான் நடப்பாரா, இப்போதுதான் தேய்க்கிறாரா? கேட்கப் பயமாக இருந்தது.

வாசலில் சிக்னல் கிடைத்தது. மகள் பதறாமல் கேட்டுக்கொண்டாள். கடைசியாக, “யாரு இடிச்சது?” என்றாள்.

“நீங்க வாங்க. நேர்ல சொல்றேன்,” என்றாள் இவள்.

ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த பையன் பெரியவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனான். “நீங்களும் உள்ள வாங்கக்கா,” என்றான். அவள் தலையாட்டி மறுத்தாள். கதவுக்கு வெளியே, கூட வந்தவர்கள் உட்காரும் இரும்பு நாற்காலி வரிசையில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நாற்காலி இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே இயந்திரம் சுழலத் தொடங்கும் இரைச்சல் கேட்டது. வாலு தண்ணீர் பாட்டிலை அவள் கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நடைக்கூடத்தின் கோடியில், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, ஒரு பெண் வேகமாக வந்தாள். நாற்காலிகளில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கையில் ஒரு ஜோடி புதுச் சாக்ஸ் இருந்தது. அவசரத்தில் எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் எடுத்துவந்தது போல, சுருட்டிப் பிடித்திருந்தாள்.

இவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.