சீனத்துச் சாமானும் நாகூர் சம்பந்தமும்

இருபத்திரண்டு வருஷ ஜித்தா வாழ்க்கை பக்கீர் முகம்மதுக்கு ஒரு பட்டத்தைக் கொடுத்திருந்தது. கொடுத்துக்கொண்டவர் அவரேதான். எந்தச் சாமானையும் தொட்டுப் பார்த்தே ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று சொல்லிவிடுவாராம். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைக்குப் பின்னால் வீடு கட்டி உட்கார்ந்த பிறகு டார்ச் லைட், அத்தர், சொந்தக்காரர்கள் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துத்தான் வீட்டுக்குள் விட்டார்.

ஆகவே மகள் சபிஹாவுக்கு நிச்சயமாகியிருந்த நாகூர் மாப்பிள்ளை அஸார், துபாயிலிருந்து ஆள் மூலம் அனுப்பிய, கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குக் கையில் பிடித்து அமுக்கும் கேம்பேடு முதலில் அவர் கைக்குத்தான் போனது. சபிஹா பி.சி.ஏ. கடைசி வருஷம். பாடத்துக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரில் ஒழிந்த நேரத்தில் கார் பந்தயம் ஓட்டுவாள். அதை அஸாரிடம் போனில் சொல்லியிருக்கிறாள், அவனும் அனுப்பிவிட்டான்.

"மாப்பிள்ளைன்னா சேலை அனுப்புவான், செண்டு அனுப்புவான். விளையாட்டுச் சாமான் அனுப்புறவனை நான் கேள்விப்பட்டதே இல்லை" என்று மனைவி நஃபீசாவிடம் சொன்னபடி, நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் பார்க்கும் வியாபாரியைப் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் சீனா என்று போட்டிருந்தது. ஜப்பான் என்று போடாத எதையும் அவர் சாமான் என்று ஒப்புக்கொண்டதில்லை.

இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டது. டிவி ரிமோட்டுக்கும் டெலிபோனுக்கும் செய்தது போலவே அதற்கும் பாலிதீன் உறை மாட்டி, நடுவில் ரப்பர் பேண்டு இரண்டைச் சுற்றி இறுக்கி, மகளிடம் நீட்டினார்.

சபிஹா அதைக் கம்ப்யூட்டரில் சொருகி ஆட்டத்தைத் திறந்தாள். கார் உறுமியது. உறுமிய வேகத்தில் ஆட்டம் மூடிக்கொண்டது. கேம்பேடைப் பிடுங்கினால் கார் சமத்தாக ஓடியது. சொருகினால் மறுபடி மூடிக்கொண்டது. ஆட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள், கூட வந்த சி.டி.யைப் போட்டாள், சொருகும் இடத்தை மாற்றினாள். எதற்கும் மசியவில்லை.

"பாத்தியா? டூப்ளிகேட்" என்றார் பக்கீர் முகம்மது. குரலில் வருத்தத்தை விட நிம்மதிதான் அதிகம்.

"இருங்கத்தா, பாக்குறேன்."

"பாக்க என்ன இருக்கு? குணசேகரனைக் கூப்பிடு."

தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த குணசேகரன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். உள்ளே இருக்கும் நல்லதைக் கழற்றிவிட்டு மட்டமானதை மாட்டிவிடுவார் என்று பக்கீர் முகம்மது நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் கழற்ற வழியில்லாமல் குணசேகரன் கடைசியில் வாயைத்தான் திறந்தார்.

"ஹார்டுவேரும் சாஃப்ட்வேரும் ஒத்துப்போகலை சார். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். இல்லைன்னா இல்லை."

அவர் படியிறங்கியதும் பக்கீர் முகம்மது மனைவி பக்கம் திரும்பினார். "பொருத்தம் இல்லைங்கிறாரு, கேட்டியா?"

"அவரு மெஷினைச் சொன்னாருங்க!"

"மெஷினை யாரு அனுப்புனா? சாமான்லயே ஏமாத்துறவன், சம்பளத்துல ஏமாத்த மாட்டானா? அங்கே என்ன வேலை பாக்குறானோ, யாரு கண்டா?"

அடுத்த வேலையாக நாகூருக்குப் போன் போட்டு, அஸாரின் தாயார் மெஹராஜ் பேகத்திடம் விஷயத்தைச் சொன்னார். பையன் அனுப்பியது போலிச் சாமான். துபாயில் ஆள் வைத்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. அதுவரை நிக்காஹ் தேதி நிற்கட்டும்.

"விசாரிங்க" என்று அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

கதவோரம் நின்ற சபிஹா முன்னால் வந்தாள். "எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்குத்தா" என்றாள். அந்த வீட்டில் ஒரு பெண் அப்பாவிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கீர் முகம்மது காது கேட்காதவர் மாதிரி பேப்பரை விரித்துக்கொண்டார்.

அவள் அழவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கேம்பேடைச் சோதிக்கும் பக்கத்தைத் திறந்தாள். பொத்தானுக்கு ஒன்றாக வட்டங்கள். அமுக்கினால் சிவக்கும், விட்டால் அணையும். அவள் எதையும் தொடவில்லை. இரண்டு வட்டங்கள் மட்டும் சிவந்தே நின்றன.

"அத்தா, இங்க வாங்க. இதை யாரு அமுக்குறா?"

பக்கீர் முகம்மது எட்டிப் பார்த்தார். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. "நான் சொல்லலை? உள்ளேயே ஏதோ வச்சு அனுப்பியிருக்கான்!"

எல்லாச் சாமானும் உறைக்குள் இருக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு உறை கண்ணில் படாது. சிவந்த பொத்தான்கள் எவை என்று விரலால் தேடியபோதுதான் தட்டுப்பட்டது. நடுவிலிருந்த சின்னப் பொத்தான்கள் இரண்டின் மேலும் ரப்பர் பேண்டு அழுந்திக் கிடந்தது. அதைக் கழற்றினாள். வட்டங்கள் அணைந்தன.

"ரெண்டையும் சேத்து அமுக்கினா, ஆட்டத்தை மூடுன்னு அர்த்தம்" என்றாள் சபிஹா. "நாம சொருகுற நேரமெல்லாம் மூடு மூடுன்னு சொல்லிட்டே இருந்திருக்கோம். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு."

கார் ஓடியது. நஃபீசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே போய்த்தான் சிரித்தாள்.

சபிஹா நாகூர் நம்பரை அமுக்கி, டெலிபோனை அப்பாவிடம் நீட்டினாள். "யாரு கட்டுனதுன்னு சொல்லுங்க."

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? அந்தச் சாமான் விஷயம்... இங்க கரண்டு கொஞ்சம் மேலே கீழே..." மகள் அசையாமல் நின்றாள். "அதாவது, டெக்னிக்கலா ஒரு அழுத்தம்..." மகள் இன்னும் நின்றாள். "நான்தான் கட்டினேன், சம்பந்தி. ரப்பர் பேண்டு."

மறுமுனையில் மெஹராஜ் பேகம் கேட்டார்: "அப்ப எங்க புள்ளை போலியா?"

"ஒரிஜினல், சம்பந்தி."

"அப்ப தேதி மாறலை. நீங்க சொல்றீங்க, நம்புறேன்."

போனை வைத்தார். உள்ளே கார் வளைவுகளில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவரால் உட்கார முடியவில்லை.

"நஃபீசா, அந்தம்மா 'நம்புறேன்'னு சொன்ன தோரணை சரியில்லையே."

"ஏன் சரியா இருக்கணும்? நம்மளை விசாரிக்க அவங்க ஆள் அனுப்பினாலும் அனுப்புவாங்க."

சும்மா சொன்னதுதான். ஆனால் வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்தி, கதவு நம்பரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகூர் ஜாடையாகத்தான் தெரிந்தது. பக்கீர் முகம்மது ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அதன் ஓரத்து இடுக்கில் ஒரு கண்ணை வைத்தார்.