படி விளக்குகளுக்கு எதிரே

வருஷக் கடைசி நாள். படித் திருவிழாவுக்குப் போட்ட விளக்குகளால் திருத்தணி மலை ஜெகஜோதியாக எரிந்தது. மொட்டைமாடியில் டெலஸ்கோப்போடு நின்ற நெசவுக்காரி சந்திராவுக்கோ எரிச்சல். வானம் சாயம்போன துணியாய் வெளுத்துக் கிடந்தது.

சிங்கப்பூர்த் தம்பி அனுப்பிய, நீலப்பச்சை ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் ஃபில்டரை மாட்டி ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைப் பார்த்தாள். ஃபில்டர் இல்லாதபோது மங்கலாகவாவது தெரிந்தது, இப்போது சுத்தமாகக் காணோம்.

"கோயில்ல சொல்லி லைட்டைக் கொறைக்கச் சொல்லட்டா?" என்றான் புருஷன் துளசிங்கம்.

"முருகனுக்குப் போட்டதை நிறுத்த நான் யாரு? சும்மா இருங்க."

யோசித்தாள். கேலக்ஸி என்பது நட்சத்திரக் கூட்டம். அதன் ஒளியில் எல்லா நிறமும் உண்டு. பல நிறப் பாவு நூலில் ஒரு நிறத்தை விட்டுவிட்டு மிச்ச இழையெல்லாம் அறுத்தால் புடவை ஏது? வாயு மேகம் அப்படியில்லை. அது ஒன்றிரண்டு நிறத்தில்தான் ஒளிர்கிறது. அந்த நிறத்தை ஃபில்டர் தடுக்காது.

டெலஸ்கோப்பை ஓரியன் விண்மீன் தொகுதியில் இருக்கும் வாயு மேகத்துக்குத் திருப்பினாள். பக்கத்து வெளிச்சம் கண்ணில் படாமல் தலையோடு கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டாள். கறுத்த வானத்தில், புறா சிறகை விரித்ததுபோல் மேகம் நின்றது.

துளசிங்கத்தை இழுத்துப் போர்வைக்குள் தள்ளினாள். டெலஸ்கோப்பிலிருந்து அவன் கண்ணை எடுக்கவே இல்லை.

"லைட்டை அணைச்சிட்டாங்களா சந்திரா?"

"ஒண்ணுகூட அணைக்கல. இன்னும் நாலு போட்டாலும் போடட்டும்."