ஒரே கூண்டில் இரண்டு பெயர்

அக்கா அருங்காட்சியகத்தில் பறவைகளை வகைபிரிக்கிறவள். இழுப்பறைகளில் கிடந்த, பாடம் செய்த தென் அமெரிக்க எக்காளப் பறவைகளை ஆறு வருடம் அளந்து, ஒரே இனம் என்று எல்லோரும் எண்ணியிருந்த கருஞ்சிறகு எக்காளம் உண்மையில் இரண்டு இனம் என்று கட்டுரை எழுதினாள். ஆற்றின் ஒரு கரையில் வாழ்வதற்கு முதுகு பச்சை. மறுகரையில் வாழ்வதற்குச் செம்பழுப்பு. தனித்தனிப் பெயரும் வைத்தாள். கட்டுரை அச்சான அன்று கேக் வாங்கி வந்தவள் தங்கைதான்.

தங்கைக்கு விலங்கியல் பூங்காவில் பறவைகளைப் பராமரிக்கிற வேலை. மறுவாரம் பூங்கா இயக்குநர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டார்.

தங்கையின் கூண்டில் இரண்டு எக்காளப் பறவைகள் இருந்தன. கோழியைவிடச் சற்றே பெரியவை. நீளக் கால், வெல்வெட் போன்ற கழுத்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி கூனல் முதுகு. நாலு வருட ஜோடி. மாப்பிள்ளை, பொண்ணு என்று தங்கை கூப்பிடுவாள். மாப்பிள்ளைக்கு முதுகு பச்சை, பொண்ணுக்குச் செம்பழுப்பு. இனம் கலந்து குஞ்சு பொரித்துவிடக் கூடாது, பிரித்து வையுங்கள் என்று உத்தரவு வந்தது.

பிரித்தார்கள். இரண்டும் சரியாகத் தின்னவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து எழும் முழக்கம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நாள் முழுக்கக் கேட்டது.

சகோதரிகள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தங்கை மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் வெடித்தாள்.

“நல்லா இருந்த குடும்பத்தப் பிரிச்சிட்டியே, இப்பத் திருப்தியா?”

“நான் பேருதான்டி வச்சேன். பிரிக்கச் சொல்லி எங்கயாவது எழுதினேனா?”

“உசுரோட ஒரு எக்காளத்தப் பாத்திருக்கியா நீ? பாத்ததெல்லாம் பஞ்சு அடைச்சது!”

அக்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுப் பூங்காவுக்கு வந்தாள். கூண்டுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை ஓடிவந்து, சிறகை விரித்து, அவள் காலடியில் பதுங்கிக் குனிந்தது.

“என்னடி பண்ணுது?”

“கும்பிடு போடுது. எல்லாருக்கும் போடாது.”

அக்கா அதன் எதிரே மெல்லக் குந்தி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: “முட்டை போடுமா?”

“நெறயப் போடும். ஒண்ணுகூடப் பொரிஞ்சதில்ல. நானும் தீனிய மாத்தி மாத்திப் பாத்துட்டேன்.”

“எது போடும்?”

தங்கை விழித்தாள். “பொண்ணுதான்... வேற எது போடும்?”

ஆணா பெண்ணா என்று பார்வைக்குத் தெரியாத பறவை அது. அக்கா இரண்டிடமிருந்தும் ஆளுக்கொரு இறகு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் போன் செய்தபோது அவளுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை.

“ரெண்டும் பொண்ணுடி!”

“என்னது? மாப்பிள்ளையுமா?”

“மாப்பிள்ளையும்தான்!”

குஞ்சு பொரிக்க வழியே இல்லை என்று அக்கா கடிதம் எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் அதை இரண்டு தடவை படித்து, தலையைச் சொறிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். நடுக்கதவைத் திறந்ததுதான் தாமதம், பொண்ணு ஓடிப்போய் மாப்பிள்ளையின் கழுத்து இறகைக் கோத ஆரம்பித்தது. தீனித்தட்டு கால் மணி நேரத்தில் காலி.

கூண்டின் பலகையில் இப்போது இரண்டு இனப் பெயர்கள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் அக்கா மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுகிறாள். தங்கை திரும்பிப் பார்க்காத நேரமாகப் பார்த்து, தன் டப்பாவிலிருக்கும் பழத்துண்டுகளை இரண்டுக்கும் சமமாகப் பங்குவைக்கிறாள்.