வாயாடிக்குப் பரிசு விழுந்த பிறகு

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் பதினாறு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரே நின்று பிடிப்பவள் கடுகு. ஆள் அவ்வளவு சின்னது. நீராவியில் வெந்துகொண்டே வாயாடி யாரையாவது நடித்துக் காட்டுவாள். நன்றாக இருந்தால் கடுகு விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இல்லாவிட்டால், "இதுக்கெல்லாம் சிரிக்க முடியாது, வேலையைப் பாரு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் வாயாடியின் லாட்டரிச் சீட்டுக்கு முதல் பரிசு விழுந்தது. ஏழு தலைமுறை உட்கார்ந்து சாப்பிடலாம். அவளுக்கோ கல்யாணமே ஆகவில்லை. ஒரே ஒரு அக்காதான் இருந்தாள். மாடி வீடு வாங்கியதும் அக்காவும் அக்கா புருஷனும் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். அதுவரை எட்டிப் பார்க்காத உறவெல்லாம் ஞாயிறுதோறும் சாப்பிட வந்தது. வாயாடி வாயைத் திறக்குமுன்பே சிரித்தது.

முதலில் வாயாடி மனம் குளிர்ந்துபோனாள். பிறகு சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே தலையும் வாலும் இல்லாத கதை ஒன்றைச் சொன்னாள். அக்கா புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். சாப்பிட வந்திருந்த கடுகு மட்டும் சிரிக்காமல் சோற்றைப் பிசைந்தாள். அன்று வாயாடிக்கு உயிர் வந்தாற்போல் இருந்தது.

கடுகின் புருஷன் தையல்காரர். இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. கடுகு கேட்ட மாத்திரத்தில் வாயாடி பணம் கொடுத்து ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வைத்தாள். அடுத்த ஞாயிறு, அவள் சொன்ன மொக்கைக் கதைக்குக் கடுகும் சிரித்தாள்.

அது பொய்ச் சிரிப்பு என்று வாயாடிக்குத் தெரிந்தது. எதற்குத்தான் இவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று பார்க்க எழுந்தாள். கூடத்தின் நடுவில், ஒரு காலை இழுத்து இழுத்து அக்காவைப் போல நடந்து காட்டினாள். சின்ன வயதில் அக்கா வாயாடியைப் பஸ் சக்கரத்திலிருந்து இழுத்துத் தள்ளியபோது போன கால் அது. அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அக்கா புருஷன் அக்காவின் தொடையை இடித்தான். அக்கா சிரித்தாள். உடனே கூடமே சிரித்தது.

கடுகு தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வாயாடி பின்னாலேயே போனாள்.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"பொய் சொல்லாதேடி."

கடுகு குழாயைத் திறந்தாள். "அவருக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு. அதுவரைக்கும் நீ என்ன பண்ணாலும் எனக்கு நல்லாத்தான் இருக்கும்."

"அந்தக் கண்ணுக்குப் பணம் கிடையாது."

கடுகின் முகம் வெளுத்தது. பழைய கோபம் கண்ணில் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. வாயாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்காகவே காத்திருந்தாள். ஆனால் கடுகு அதை விழுங்கிவிட்டு, "எப்பவும் உனக்கு விளையாட்டுதான்" என்று சிரித்தாள்.

வாயாடி விளையாடவில்லை. அடுத்த மாதம் கடுகு மூன்று முறை வந்தாள். அம்மா வீட்டில் இல்லை என்று காவல்காரர் மூன்று முறையும் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை கடுகு போகவில்லை. நடுத்தெருவில் நின்று, மாடியைப் பார்த்து, காது கூசுகிற வார்த்தைகளால் திட்டினாள். உன் அக்கா காலைக் கொடுத்தது உன்னை மாதிரி நாய்க்கா என்று கேட்டாள். மாடித் திரைக்குப் பின்னால் நின்று வாயாடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பரிசு விழுந்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. பணத்தைக் கொடுத்தால் இந்தத் திட்டு நின்றுவிடும். அதனால் கொடுக்கவில்லை.

வாரம் ஒரு தடவையாவது கடுகு வந்து திட்டிவிட்டுப் போனாள். வருஷக் கடைசியில் தையல்காரருக்கு அந்தக் கண் போயிற்று. அதற்குப் பிறகு அவள் திட்டவும் வரவில்லை.