சோதனைக்கு ஒரு திர்ஹம்

தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் இருக்கும் லாட்ஜில், அறை எடுக்க வருகிறவர்களிடம் ஆதாரையும் அட்வான்ஸையும் வாங்கி வைக்கும் வேலை பிந்துவுக்கு. சனிக்கிழமை மத்தியானம், திருநெல்வேலிக்காரர் ஒருவரின் ஆதாரில் இருந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் பார்த்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நம்ப முயன்றுகொண்டிருந்தபோது அவளுடைய போன் மேசைமேல் உறுமியது. வங்கியிலிருந்து செய்தி. புதிதாகத் தொடங்கிய கணக்கில் மறுபடியும் ஒரு திர்ஹம் வந்து சேர்ந்திருக்கிறது. நம் ரூபாயில் ஒரு சாயாவும் ஒரு ஏத்தக்காய் அப்பமும் வாங்கலாம். அப்பம் சிறியதாக இருந்தால்.

திருநெல்வேலிக்காரர் சாவியோடு மாடிப்படி ஏறுவதற்குள் ஷார்ஜாவிலிருந்து ஜெயன் கூப்பிட்டான்.

"பிந்து, வந்துதா?"

"வரல்ல."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். வரல்ல."

"செரி. நாளைக்கு இன்னொண்ணு அனுப்பிப் பாக்கேன்."

ஜெயன் அவளுடைய கணவன். இருவரும் சம்மதித்துப் போட்ட விவாகரத்து மனு வஞ்சியூர் கோர்ட்டில் அடுத்த வாரம் முடிவுக்கு வருகிறது. அதற்கு முன் பேசி முடித்த தொகையை அவன் இவள் கணக்கில் போட வேண்டும். போட்டாயிற்று என்று காட்டினால் கோர்ட்டு கையெழுத்துப் போட்டுவிடும். பெரிய தொகை எதையும் ஜெயன் நேராக அனுப்ப மாட்டான். முதலில் சோதனைக்கு ஒரு திர்ஹம். வந்தது என்று இவள் சொன்னால்தான் மீதி கிளம்பும். மீதி வந்தால் கல்யாணம் போகும். வந்தது என்கிற அந்த ஒரு சொல்லைத்தான் பிந்து இந்த வாரம் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்தாள். மனு போடலாம் என்று முதலில் வாயைத் திறந்தவளும் அவளே என்பதால், இதை வெளியே ஒருவரிடமும் விளக்கிச் சொல்ல வழியில்லை.

சோதனைத் திர்ஹத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கல்யாணமான புதிதில், கணக்கு எண்ணில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி அடித்து, ஜெயன் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே வித்துராவில் ஹரிகுமார் என்கிற ஒருவருடைய கணக்குக்கு அனுப்பிவிட்டான். ஹரிகுமார் நல்ல மனிதர். பணம் எங்கிருந்து வந்தது என்று நான்கைந்து நாள் யோசித்திருக்கிறார். பிறகு கடவுளிடமிருந்து என்று முடிவு செய்து ஒரு பசு வாங்கிவிட்டார். வங்கிக்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னபோது மனம் உடைந்து, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தார். கடைசித் தவணையோடு ஒரு தூக்குச்சட்டியில் நெய்யும் கொண்டுவந்தார். அன்று முதல் ஜெயனுக்கு எந்த எண்ணிலும் நம்பிக்கை போய்விட்டது. பழகிய கணக்குக்கே மாதாமாதம் முதலில் ஒரு திர்ஹம், பிறகு சம்பளம்.

ஆகவே மாதத்துக்கு இரண்டு போன்கள் நிச்சயம். வந்துதா? வந்துது. பாறசாலை வீட்டின் அடுக்களையிலிருந்து மாமியார் செல்லபாய், "பைசா வந்துதா மக்கா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவளுக்கும் ஒரு வந்துது. மற்ற நாட்களில் அவர்கள் பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா, மழை உண்டா, கரண்டு பில் எவ்வளவு என்று பேசத்தான் செய்தார்கள். ஆனால் அவன் கேட்கும் கேள்விகளில் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒன்றுக்குத்தான். வந்துது என்று இவள் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். கடலுக்கு அப்பாலிருந்து தன் கழுத்தில் வந்து படுகிற மாதிரி இருக்கும் பிந்துவுக்கு. ஒன்பது வருடக் கல்யாணத்தில் மிக நெருக்கமான தருணம் எது என்று கோர்ட்டில் கேட்டிருந்தால் அவள் இதைத்தான் சொல்லியிருப்பாள். நல்லவேளை, கோர்ட்டில் அதெல்லாம் கேட்பதில்லை.

கல்யாணமான நான்காவது வருடம் ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிப்போயிற்று. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் அதைத் துணியில் சுற்றிச் செல்லபாயின் கையில் கொடுத்தார்கள். பிந்துவிடம் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். ஜெயனுக்கு லீவு கிடைக்கவில்லை, பாஸ்போர்ட் கம்பெனியின் கையில் இருந்தது. அன்று பகலில் மட்டும் மூன்று தடவை பணம் அனுப்பினான். சோதனைத் திர்ஹம்கூட இல்லாமல், நேராக. தலையணைக்கடியில் போன் ஒவ்வொரு முறை அதிர்ந்தபோதும் அவன் விமானம் ஏறிவிட்டான் என்ற செய்தியாக்கும் என்று நினைத்து எடுத்துப் பார்த்தாள். பதினோரு மாதம் கழித்து லீவில் வந்தவன், பெட்டியைத் திறப்பதற்கு முன் அவளை ஓரமாக அழைத்து, "அன்னிக்கு அனுப்பின பைசா தெகஞ்சுதா, போதுமா இருந்துதா?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. அதிலிருந்து ஐந்து வருடம் அவள் வந்துது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பெருமூச்சு மட்டும் கழுத்துவரை வந்து சேரவில்லை.

"கிரெடிட் ஆச்சா, பிந்து? தேதி தள்ளிப்போனா பின்ன ரெண்டு மாசம் பாக்கணும்" என்று வக்கீல் தினமும் கேட்டார். பிந்துவிடம் பதில்கள் கைவசம் இருந்தன. சர்வர் கோளாறு. வங்கிக்கு லீவு. கணக்கு புதிது, பழகவில்லை. கடைசிப் பதிலைக் கேட்டதும் வக்கீல் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை இன்னொரு திர்ஹம் வந்ததை, ரிசப்ஷனில் கூட வேலை பார்க்கும் ஷிபா எட்டிப் பார்த்துவிட்டாள். ஷிபாவின் கணவன் அஜ்மானில் இருக்கிறான்.

"இது என்ன சேச்சி, ஒரு திர்ஹமா? இத அனுப்ப அங்க பதினஞ்சு திர்ஹம் சார்ஜ் பிடிப்பானே! உங்க ஆளுக்கு வட்டா?"

பைத்தியமா என்று கேட்கிறாள். இருக்காது. விமானத்தில் தருகிற பிளாஸ்டிக் ஸ்பூனைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவருகிற மனிதன் ஜெயன்.

"வந்துதான்னு உறுதிப்படுத்த அனுப்பினது" என்றாள் பிந்து.

"அதுக்கு நம்மகிட்ட எதுக்குக் கேக்கணும்? அங்க ஆப்பிலயே பச்சை டிக் விழுமல்லோ. எனக்கு மெசேஜ் வர்றதுக்கு முந்தி எங்க ஆளு அங்கேர்ந்து சாடுவான், வந்துதுல்லா வந்துதுல்லான்னு. ஒரு தடவ வரல்லன்னு புளுவு அடிச்சுப் பாத்தேன். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான், துஷ்டன்."

ஷிபா சிரித்துக்கொண்டே தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போடப் போய்விட்டாள். பிந்து அறை வாடகைப் பலகைக்குக் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பச்சை டிக். அப்படியானால் முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறான், தெரிந்துகொண்டேதான் நாளைக்கு இன்னொண்ணு என்கிறான்.

போன் அடித்தது.

"பிந்து, வந்துதா?"

"உங்க ஆப்பில டிக் விழுந்துதா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஏதோ இயந்திரத்தை அவன் அணைத்தான்.

"விழுந்துது" என்றான்.

"எப்பம்?"

"மொத தடவையே விழுந்துது."

"பின்ன எதுக்கு திரும்பத் திரும்ப அனுப்பினிய?"

"நீ வரல்லன்னு சொன்னியே. நீ சொன்னாத்தானே எனக்கு வந்த மாதிரி."

பிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் இதில் பாதியை இவன் பேசியிருந்தால் போதும். சொல்ல நினைத்தது அதுதான். வாயிலிருந்து வந்தது வேறு.

"அன்னிக்கு மூணு தடவை அனுப்பினிய."

"ம்."

"டெஸ்ட் பண்ணாம."

"டெஸ்ட் பண்ண நெனப்பே இல்ல பிந்து. என்ன அமுக்குதேன்னே தெரியல்ல. லீவு கேட்டு ஆபீஸ் வாசல்ல இருந்தேன். வேற ஒண்ணும் செய்யத் தெரியல்ல." பிறகு, "மோளு யார மாதிரி இருந்துதுன்னு அம்மைகிட்ட கேட்டேன். சொல்லல்ல" என்றான்.

"எனக்கும் தெரியாது. எனக்குக் காட்டல்ல."

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக இருவரும் ஒரே விஷயத்தை அறியாதவர்களாக இருந்தார்கள். இப்படிக் கொஞ்ச நேரம் இருக்கலாம் போலிருந்தது. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் திரும்பக் குடியேற முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இன்றைக்கு வரல்ல என்றால் நாளைக்கு அவன் இன்னொரு திர்ஹம் அனுப்புவான். நாளை மறுநாளும். வேலையை விட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்ல மாட்டான். இவளும் வாருங்கள் என்று கூப்பிட மாட்டாள்.

"வந்துது" என்றாள்.

பெருமூச்சு கேட்கவில்லை.

"மீதிய அனுப்பட்டா?"

"அனுப்புங்க."

"ஆப்பில என்ன காரணம்னு கேக்குது பிந்து. லிஸ்ட்ல இது இல்ல. வீடு வாங்க, படிப்பு, சிகிச்சை, அன்பளிப்பு, கடன் அடைக்க… அன்பளிப்புன்னு போடட்டா?"

"வேண்டாம்."

"கடன்?"

"அதுவும் வேண்டாம். குடும்பச் செலவுன்னே போடுங்க. வேற எது போட்டாலும் பேங்குல கேள்வி கேப்பாவ."

"செரி" என்றான். "வைக்கேன்."

அப்போது மாடியிலிருந்து ஒரு இளைஞன் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தான். தென்காசிக்காரன், லிங்கராஜ். சாயங்கால விமானத்தில் மஸ்கட்டுக்குக் கொத்தனார் வேலைக்குப் போகிறான். பெட்டியின் நான்கு பக்கமும் மார்க்கரில் அவன் பெயரும் போன் எண்ணும் எழுதியிருந்தது. பெட்டி தொலைந்தாலும் பெயராவது போய்ச் சேரட்டும் என்பதுபோல. நீலக் கயிற்றை நெடுக்கும் குறுக்குமாகச் சுற்றிவிட்டு முடிச்சிட முடியாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, இதுமேல ஒரு விரல் வைங்களேன். நழுவிக்கிட்டே இருக்கு."

பிந்து மேசையைச் சுற்றி வந்து தரையில் குத்துக்காலிட்டு, கயிறுகள் குறுக்கே போகும் இடத்தில் ஆள்காட்டி விரலை அழுத்தினாள். அவன் இரு நுனிகளையும் பின்னிச் சாய்ந்து இழுத்தான். பெட்டி முனகியது. அவளுக்குப் பின்னால் மேசைமேல் போன், வங்கிச் செய்திக்கு உறுமுகிற மாதிரி ஒரு தடவை உறுமி, ஓர் அங்குலம் நகர்ந்து, நின்றது.

"இப்ப விரல எடுத்துருங்க அக்கா. இறுக்கப் போறேன்."

"இறுக்குப்பா" என்றாள் பிந்து.

"அக்கா, விரலு."

கயிறு நகத்தின் பக்கவாட்டில் ஏறி வெள்ளையாகப் பதிந்தது. லிங்கராஜ் இரு கைகளிலும் நுனிகளைப் பிடித்தபடி, விடவும் தெரியாமல் இழுக்கவும் தெரியாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.