மங்கலாய் விழுந்த தண்ணீர் டேங்க்

அத்திபெலே தாண்டி உள்ளே இருக்கிற அந்தக் காலேஜில் ராஜலக்ஷ்மிக்கு அட்மிஷன் செக்‌ஷனில் வேலை. கிறுக்கு மட்டும் கேமராமேல். ஏரி, நாரை, இடிந்த கல்மண்டபம், புது ஹாஸ்டல் பில்டிங் என்று சுற்றுவட்டாரத்தில் எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. எடுத்ததைக் காலேஜின் இன்ஸ்டாகிராமில் போடுவதும் அவள்தான்.

போன வாரம் போட்டது பழைய கல்குவாரியில் எடுத்த படம். பாறை இடுக்கில் ஒரு கொம்பன் ஆந்தை, பக்கத்தில் பஞ்சுருண்டை மாதிரி இரண்டு குஞ்சுகள். அதோடு விட்டாளா? காலேஜும் தெரியட்டுமே என்று வலது மூலையில் தண்ணீர் டேங்கையும் சேர்த்துப் பிடித்தாள். இடத்தின் பெயரைப் போடாமல் விட்ட மகா புத்திசாலி, அடையாளத்தைப் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டாள்! பிரின்சிபால் ஜெயராமனுக்கு அதுவும் போதவில்லை. "டேங்க்ல காலேஜ் பேரு மங்கலா இருக்கேம்மா. காலண்டர் அட்டைக்கு நல்லா வேற ஒண்ணு எடுத்துக் குடு" என்றார். ராஜலக்ஷ்மிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

கார்த்திகை அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் வாட்ச்மேன் சின்னப்பா கேட்டிலிருந்து போன் பண்ணினார்.

"மேடம், ரெண்டு பேர் பைக்ல வந்து உங்க ஆந்தை போட்டோவைக் காட்டினாங்க. டேங்க் இந்த மாதிரி எங்கிருந்து தெரியும்னு கேட்டாங்க. உங்க ஃபிரண்ட்ஸுன்னு நெனச்சு குவாரிக்கு வழி சொல்லிட்டேன். கையில கோணிப்பை இருந்துச்சு மேடம், இப்பதான் ஒரு மாதிரியா இருக்குது."

அமாவாசைப் பூசையில் பலி கொடுக்கவென்று ஆந்தை பிடிக்கிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்படாததா? "உடனே ஃபாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்லுங்க!" என்று கத்தினாள். முதல் வேலையாகப் படத்தை அழித்தாள். அழித்து என்ன பிரயோஜனம், அவர்கள் போனில்தான் இருக்கிறதே. கேமராவை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினாள்.

குவாரியில் இரண்டு பேரும் போனைத் தூக்கிப் பிடித்து, டேங்கையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுக்குக்கும் அவர்களுக்கும் இருபதடிதான். குஞ்சு ஒரு சத்தம் போட்டால் தீர்ந்தது கதை.

"அக்கா, நீங்களும் ஆந்தைக்கா?" கேமராவைப் பார்த்து மீசைக்காரன் கேட்டான்.

பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது. சிரித்து வைத்தாள். "ஆமாங்க. ஆனா தப்பான பக்கம் நிக்கிறீங்களே! அது திருப்பிப் போட்ட படம். இடம் தெரியக் கூடாதுன்னு இடது வலதா மாத்திப் போடுறது எங்க பழக்கம். டேங்க் பாறைக்கு இடது பக்கம் வரணும். அந்தக் கோடியில போய்ப் பாருங்க."

கூட வந்தவன் லேசில் நம்புகிற ஆளில்லை. "டேய், டேங்க்ல எழுத்து இருக்குதுல்ல? படம் திரும்பியிருந்தா எழுத்தும் திரும்பியிருக்கும். பெருசு பண்ணிப் பாரு."

ஐயோ, செத்தேன் என்று நினைத்தாள் ராஜலக்ஷ்மி. மீசைக்காரன் இரண்டு விரலால் படத்தை விரித்தான். இன்னும் விரித்தான். டேங்கின் மேல் நீலமாய் ஒரு தீற்றல், அவ்வளவுதான். எழுத்தென்று ஒன்றும் தேறவில்லை.

"ஒண்ணும் தெரியலடா. அக்கா பொய்யா சொல்லப்போறாங்க? வா."

குவாரிக் குழியைச் சுற்றி அவர்கள் அந்தக் கோடிக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. ஜீப் வரக்கூடிய ஒரே பாதையும் அங்கேதான் இருந்தது. ஃபாரஸ்ட்காரர்கள் ஜீப்பில் வந்து இருவரையும் மடக்கிக் கோணிப்பையைக் கொட்டியபோது வலை விழுந்ததை அவள் இங்கிருந்தே பார்த்தாள். அப்புறம்தான் பாறையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

போன் அடித்தது. ஜெயராமன் சார்.

"என்னம்மா, நாளைக்கு காலண்டர் பிரஸ்ஸுக்குப் போகணும். அதே ஆந்தை, அதே டேங்க், பேரு மட்டும் பளிச்சுன்னு தெரியணும்."

இடுக்கிலிருந்து தாய் ஆந்தை அவளையே முறைத்துக்கொண்டிருந்தது. பின்னால் டேங்கில் சாயங்கால வெயில் விழுந்து, காலேஜ் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கலாம் போலிருந்தது.

"ஆந்தை பறந்துடுச்சு சார்" என்றாள்.