ரஸ்க் அடுப்பில் நைலான்

நைலான் தண்ணீர் குடிக்கும் என்று ஹில்டா கல்லூரியிலேயே படித்திருந்தாள். அது இப்படி மொடாக்குடியாக இருக்கும் என்பது அம்பத்தூரில் சொந்தத் தொழில் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

தொழில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்டேட்டின் பின்வரிசையில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், அதற்குள் ஒரு எக்ஸ்ட்ரூடர், அவள், கணவன் இக்னேஷியஸ். நைலானையும் கண்ணாடி இழையையும் மெஷினில் கொட்டினால், உள்ளே திருகு சுழன்று இரண்டையும் உருக்கிப் பிசைந்து, முறுக்கு பிழிவதுபோல நீளநீளமாகப் பிழிந்து தள்ளும். கொதிக்கக் கொதிக்க வரும் அந்த இழைகள் தண்ணீர்த் தொட்டியில் முங்கி எழுந்து, வெட்டுகத்தியில் அரிசி அரிசியாக நறுங்கி விழும். அதை வைத்து இரும்புக்குப் பதிலாகப் பல்சக்கரமே வார்க்கலாம். எண்பத்தெட்டில் அந்தச் சரக்கை உள்ளூரில் செய்து தருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெளிநாட்டு எக்ஸ்ட்ரூடரின் விலையைக் கேட்டு இக்னேஷியஸுக்குத் தலை சுற்றியது. அந்தக் காசுக்குத் திருமுல்லைவாயிலில் ஒரு தெருவையே வாங்கிவிடலாம். கேபிள் கம்பெனி ஒன்று கழித்துப் போட்ட பழைய மெஷினைத் தேடிப் பிடித்தார்கள். வெட்டுகத்தியைப் பக்கத்துப் பட்டறையில் செய்துகொண்டார்கள். அப்படியும் பேங்க் கடனுக்குள் செலவு அடங்கவில்லை. எதையாவது கழித்தாக வேண்டும். பட்டியலில் மிச்சமிருந்தது, நைலானின் ஈரத்தைப் போக்கும் டிரையர் மெஷின்தான்.

"டிரையரைத் தூக்கிடு" என்றான் இக்னேஷியஸ். "வெயில் சும்மாதானே காயுது? எங்கம்மா வடாம் காயவெக்கல?"

கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கியவள், வடாம் என்றதும் மதிமயங்கித் தலையாட்டிவிட்டாள். கோடையில் அது பலிப்பதுபோலத்தான் தெரிந்தது. ஷெட் வாசலில் தார்ப்பாய் விரித்து நைலானைக் காயவைத்தார்கள். காக்கைகள் கொத்திப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போயின. மழைக்காலம் பிடித்ததும் வந்தது வினை.

மொபெட் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவர் சத்தியராஜ். இவர்கள் கொடுத்த சரக்கில் ஒரு பல்சக்கரம் வார்த்து, மேஜையில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினார். பிஸ்கட்டாட்டம் உடைந்தது.

"ஈரம் மேடம், உள்ளுக்குள்ள அவ்ளோ ஈரம்" என்றார். "சனிக்கிழமை காலையில இன்னொரு தடவ பார்ப்போம். அதுவும் உடைஞ்சா நான் பம்பாய் பார்ட்டிகிட்டயே போயிடுவேன்."

அந்த ஆர்டர் இல்லாவிட்டால் கடன் தவணை கட்ட வழியில்லை. மெஷினை விற்க வேண்டியதுதான். சேக்காட்டில் பிளாஸ்டிக் குடம் செய்யும் துலுக்கானம் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். அதே சனிக்கிழமை சாயங்காலம் டெம்போவோடு வருவதாகச் சொல்லியிருந்தார். மெஷின் போனால் இக்னேஷியஸ் பழையபடி எவனிடமோ சூப்பர்வைசராக நிற்பான், அவள் டியூஷன் எடுப்பாள். 

ஆனாலும் கிறிஸ்துமஸ் யாருக்காகவும் காத்திருக்காதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம், தூறலில் முந்தானையால் மூடிக்கொண்டு, கேக் மாவுக் கிண்ணத்தோடு நஜீர் பாயின் பேக்கரிக்குப் போனாள். வீட்டில் கேக் அடுப்பு இல்லாத வேதக்காரக் குடும்பங்கள் எல்லாம் டிசம்பரில் அங்கேதான் கேக் வேகவைக்கும். ஹில்டாவின் மாவு கடைசி அடுக்கில் வெந்து வெளியே வந்தது. நஜீர் தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, ரஸ்க் தட்டுகளை எடுத்தார்.

"நெருப்ப வாரிட்டு எதுக்கு பாய் உள்ள வெக்கறீங்க?"

"ரஸ்க்குக்கு நெருப்பு ஆவாதும்மா. மிச்சச் சூட்டுல ராவெல்லாம் கெடந்து ஈரம் போவணும். அப்பத்தான் மொறுமொறுன்னு வரும்."

ஹில்டா கேக்கை அங்கேயே விட்டுவிட்டு மழையில் ஓடினாள். தெர்மாமீட்டரோடு திரும்பி வந்து அடுப்புக்குள் நீட்டினாள். எண்பது டிகிரியைச் சுற்றித்தான் காட்டியது. நைலான் காய அதுதான் வேண்டும். 

"பாய், இன்னிக்கு மட்டும் ரஸ்க்குக்குப் பதிலா என் நைலானை வெக்கறீங்களா?"

"இன்னாம்மா வெளாடறியா? பண்டிக நேரத்துல ரஸ்க்க நிறுத்தினா யாவாரம் இன்னாவுறது?"

ஹில்டா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. நஜீர் தட்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அட, அழுவாத. கேக்குல கண்ணீர் வுழுந்தா உப்புக் கரிக்கும். எடுத்துகினு வா உன் சரக்க. ஆனா நாளைக்கு என் ரஸ்க்குல பிளாஸ்டிக் வாசன வந்துச்சு, மொத்தத்தையும் உங்க ஊட்லதான் துன்னணும், சொல்லிட்டேன்!"

விடிந்ததும் சூடு ஆறுவதற்குள் நைலானை ரஸ்க் தகரங்களில் அள்ளி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார்கள். காற்றுப் பட்டால் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிடுமே! இக்னேஷியஸ் தன் மழைக்கோட்டைத் தகரங்களுக்குப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே ஸ்கூட்டர் ஓட்டினான்.

சத்தியராஜ் புதிதாக வார்த்த பல்சக்கரத்தை மேஜையில் வைத்து ஓங்கி அடித்தார். அது துள்ளி, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மூன்று பேரும் குனிந்து தேடினார்கள். ஒரு பல்கூட உடையவில்லை.

"நீங்களே அடிங்க மேடம்" என்று சுத்தியை நீட்டினார். மழை, பேங்க், டெம்போ எல்லாவற்றின் மேலும் இருந்த ஆத்திரத்தைச் சேர்த்து ஹில்டா ஒரே போடு போட்டாள். மேஜைதான் பள்ளமானது.

சத்தியராஜ் தகரத்துக்குள் மூக்கை விட்டார். "இன்னா இது, ஏலக்கா வாசன வருது?"

"புது டிரையர் சார்" என்று இக்னேஷியஸ் ஆரம்பித்தான். ஹில்டா அவன் முழங்கையைக் கிள்ளிவிட்டு உண்மையைச் சொன்னாள். சத்தியராஜ் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எனக்குக் காஞ்சா சரி. மாசா மாசம் அரை டன் குடுங்க. ஆனா முதல் பில்லுக் காசு வந்ததும் டிரையர் வாங்கிடணும். எங்க ஆடிட் ஆளைப் பேக்கரிக்கு இட்டுகினு போக முடியாது."

மத்தியானமே, நைலான் மூட்டைகள் அனுப்பச் சொல்லி, பாடியில் இருந்த மூலச்சரக்குக் கிடங்குக்குப் போன் பறந்தது. சாயங்காலம் லாரி வந்து நின்றபோது ஷெட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹில்டாவுக்கு அந்தச் சத்தம் சங்கீதமாக இருந்தது. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தொட்டித் தண்ணீரை மூன்று முறை மாற்றினாள். லாரிக்குப் பின்னாலேயே துலுக்கானத்தின் டெம்போவும் வந்தது. கயிறு, கட்டை, நாலு ஆட்கள்.

"மெஷின் விக்கலைண்ணே" என்றாள் ஹில்டா.

"இன்னாம்மா இப்டி சொல்ற? ஆளு, கயிறு எல்லாம் இட்டாந்துட்டேனே!"

ஹில்டா வானத்தைப் பார்த்தாள். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. லாரியில் நைலான் மூட்டைகள் அப்படியே இருந்தன.

"கயித்த எடுத்துட்டுப் போங்கண்ணே. ஆளுங்கள மட்டும் வுட்டுட்டுப் போங்க. மழைக்கு முந்தி மூட்டையெல்லாம் உள்ள இறக்கணும்."